வரிசையும் வேண்டும், கோடும் வேண்டும்: எங்கள் சனசமூக நிலையத்துக்கு எந்த வாக்கு முறை?

சென்ற வருடம் எங்கள் சனசமூக நிலையத்தின் பொதுக்கூட்டத்தில் 45 பேர் இருந்தோம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் சிலர் சேர்த்து அனுப்பிய காசு கையில் இருந்தது. மூன்று யோசனைகள் வந்தன: விளையாட்டு மைதானத்துக்கு விளக்கு போடுவது, வாசிகசாலைக் கூரையை மாற்றுவது, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்குவது. தலைவர் "கையைத் தூக்குங்கோ" என்றார். விளக்குக்கு 17 கை, கூரைக்கு 15, வகுப்புக்கு 13. விளக்கு வென்றது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

பிரச்சினை சிரமதானத்தன்று தெரிந்தது. கம்பம் நடக் குழி தோண்ட வேண்டும். திருகோணமலைக் கடற்கரை மண் எப்படி என்று தெரியும்தானே, தோண்டத் தோண்டச் சரியும், ஆள் நிறைய வேண்டும். வந்தது விளையாடுகிற பெடியன்கள் மட்டும். மற்ற வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. மாரி தொடங்கியதும் வாசிகசாலைக் கூரை வழக்கம்போல ஒழுகியது. பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பொலித்தீனால் மூடி நடு மேசையில் அடுக்கினோம். "28 பேர் கேட்காததைச் செய்திருக்கிறீர்கள்" என்று என்னிடம் வந்து சொன்னவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கணக்கு அவர்கள் சொன்னதுதான்.

இப்போது அடுத்த பொதுக்கூட்டம் வருகிறது. இன்னொரு தொகையைச் செலவழிக்க வேண்டும், புதிய தலைவரையும் தெரிவு செய்ய வேண்டும். எந்த முறையில் வாக்கெடுப்பது என்று பார்த்துச் சொல்லும் வேலையைச் செயலாளரான என்னிடம் விட்டிருக்கிறார்கள். சில மாதங்களாக இதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். வாசித்ததை இங்கே எழுதுகிறேன். மீனவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம் என்று எல்லா இடத்திலும் இதே தலையிடி இருப்பதால் மற்றவர்களுக்கும் உதவலாம்.

முதலில் ஒரு பரிசோதனை செய்தேன். அப்பியாசக் கொப்பித் தாளை நான்காக வெட்டி, அன்று கை தூக்கிய அதே 45 பேரிடமும் கொண்டுபோனேன். மூன்று யோசனைகளையும் விருப்ப வரிசையில் எழுதச் சொன்னேன். பிறகு வரிசைக்கு நடுவே ஒரு கோடு போடச் சொன்னேன். கோட்டுக்கு மேலே இருப்பது 'இது நடந்தால் எனக்குச் சம்மதம்', கீழே இருப்பது 'சம்மதமில்லை'.

கோடு எதற்கு என்று பலர் கேட்டார்கள். இரண்டு பேர் சொன்ன பதில்களே அதற்கு விளக்கம். ஒரு அக்கா, "தம்பி, கூரையோ வகுப்போ எதெண்டாலும் பறவாயில்லை, லைட் மட்டும் வேண்டாம்" என்றார். மைதானத்தில் நின்ற ஒரு தம்பி, "வகுப்பு ரெண்டாவது. ஆனா அதுக்கு ஒரு சதமும் தரமாட்டன்" என்றான். இருவருக்கும் இரண்டாவது தெரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அக்காவின் இரண்டாவது வேறு, தம்பியின் இரண்டாவது வேறு. வெறும் 1, 2, 3 என்று எழுதினால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

சீட்டுகளில் வந்தது இது. (ஒன்றிரண்டு சீட்டுகள் வேறு வரிசையில் இருந்தன. கணக்கு எளிதாக இருக்க அவற்றைக் கிட்டிய கூட்டத்தோடு சேர்த்திருக்கிறேன்.) விளக்குக்காரர் 17 பேரும் விளக்கு, வகுப்பு, கூரை என்று எழுதி, விளக்குக்கு அடியிலேயே கோடு போட்டார்கள். கூரைக்காரர் 15 பேர் கூரை, வகுப்பு, விளக்கு என்று எழுதினார்கள். அதில் 10 பேர் கூரைக்குக் கீழே கோடு, 5 பேர் வகுப்புக்குக் கீழே. வகுப்புக்காரர் 13 பேர் வகுப்பு, கூரை, விளக்கு. அவர்களில் 11 பேர் கூரையையும் கோட்டுக்கு மேலே வைத்தார்கள், 2 பேர் வகுப்பை மட்டும்.

இந்த 45 சீட்டுகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையாக எண்ணிப் பார்த்தேன்.

ஒற்றைப் புள்ளடி முறையில், அதாவது ஒருவர் ஒன்றுக்கு மட்டும் வாக்களித்தால், விளக்கு வெல்கிறது. அதைத்தான் அன்று கையால் செய்தோம். யோசனைகள் இரண்டே இரண்டு என்றால் அது போதும். மூன்று வந்தால் இனி அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் முடிவு.

அடுத்தது நம் நாட்டு ஜனாதிபதித் தேர்தல் முறை. 1, 2, 3 என்று போடலாம். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெளியே. வெளியேறியவர்களின் சீட்டுகளில் இருக்கும் அடுத்த விருப்பு அந்த இருவருக்கும் சேரும். எங்கள் சீட்டுகளில் வகுப்பு 13 உடன் வெளியேறுகிறது, அந்த 13 பேரின் இரண்டாவது விருப்பு கூரை. ஆகவே கூரை 28, விளக்கு 17. கூரை வெல்கிறது.

இந்த முறை 1978 அரசியலமைப்போடு வந்தது. ஆனாலும் இரண்டாவது எண்ணிக்கை முதன்முதலாக நடந்தது 2024 செப்டெம்பரில்தான். அநுர குமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம். மற்றவர்களுக்குப் போன வாக்குகள் ஏறக்குறைய 33 லட்சம். அதிலிருந்து விருப்பு வாக்காக இருவருக்கும் சேர்ந்தது மொத்தம் 2 லட்சத்து 73 ஆயிரம்தான். பன்னிரண்டில் ஒரு சீட்டுத்தான் பேசியது, மீதி மௌனம். தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்குச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டு, இரண்டாவது யாருக்கு என்று தேநீர்க் கடைகளில் வாரக்கணக்கில் வாதாடினோம். சீட்டில் எழுதியவர்கள் குறைவு. மக்களுக்கு விளக்கிச் சொல்லாத முறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதிதான் வேலை செய்யும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

இந்த முறையில் இன்னொரு குறை இருக்கிறது. முதல் விருப்பு குறைவு என்பதற்காக வகுப்பை வெளியே அனுப்பினோம். ஆனால் வகுப்பையும் விளக்கையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 28 பேர் வகுப்பை மேலே எழுதியிருக்கிறார்கள், 17 பேர் விளக்கை. வகுப்பையும் கூரையையும் வைத்தால் வகுப்புக்கு 30, கூரைக்கு 15. நேருக்கு நேர் வைத்தால் வகுப்பு இரண்டையும் வெல்கிறது. அதைத்தான் முதலில் தூக்கி எறிந்தோம்.

இப்படி இரண்டிரண்டாக வைத்து ஒப்பிட்டு, எல்லோரையும் வெல்பவரே வெற்றியாளர் என்று 1785இல் வாதாடியவர் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்செ. அவருக்கு ஐந்நூறு வருடத்துக்கு முன்பே, மடங்களில் தலைவரைத் தெரிவு செய்வதைப் பற்றி எழுதிய ராமோன் யூல் என்ற கற்றலான் மொழி எழுத்தாளரும் இதே இரண்டிரண்டு ஒப்பீட்டைச் சொல்லியிருக்கிறார். மனதுக்கு நியாயமாகப் படுகிற முறை. ஆனால் கொண்டோர்செயே கண்ட ஒரு சிக்கல் இதில் உண்டு: ஒன்று மற்றதை வெல்ல, அது மூன்றாவதை வெல்ல, மூன்றாவது திரும்பி வந்து முதலாவதை வெல்லலாம். சுழல். அப்போது யாரும் எல்லோரையும் வெல்லவில்லை. இதைப் பிறகு பார்ப்போம்.

மறுபக்கம் ஏற்பு வாக்கு. வரிசையே கிடையாது. உங்களுக்குச் சம்மதமான எல்லாவற்றுக்கும் புள்ளடி போடலாம், அதிகம் புள்ளடி பெற்றது வெல்லும். 1978இல் ஸ்டீவன் பிராம்ஸும் பீட்டர் ஃபிஷ்பர்னும் இதை ஆராய்ந்து எழுதிய பிறகு பரவலாகப் பேசப்பட்டது. அமெரிக்காவின் ஃபார்கோ நகரம் 2018இல் ஏற்றுக்கொண்டு 2020 நகரத் தேர்தலில் பயன்படுத்தியது. எண்ணுவது மிக எளிது. எங்கள் சீட்டுகளில் கோட்டுக்கு மேலே இருப்பதை எண்ணினால் கூரைக்கு 26, வகுப்புக்கு 18, விளக்குக்கு 17. கூரை.

இதன் குறை அக்காவின் சீட்டிலேயே இருக்கிறது. அவருக்குக் கூரையும் சம்மதம், வகுப்பும் சம்மதம், ஆனால் வகுப்பைத்தான் அவர் அதிகம் விரும்புகிறார். ஏற்பு வாக்கில் அதைச் சொல்ல வழியில்லை. இரண்டு புள்ளடியும் ஒரே கனம். தனக்குப் பிடித்தது வெல்ல வேண்டுமென்றால் இரண்டாவதுக்குப் புள்ளடி போடாமல் விட வேண்டியிருக்கும். எல்லோரும் அப்படிக் கணக்குப் பார்த்தால் திரும்பவும் ஒற்றைப் புள்ளடிக்கே வந்து நிற்போம்.

ஆக வரிசை மட்டும் இருந்தால் சம்மதம் தெரிவதில்லை, சம்மதம் மட்டும் இருந்தால் வரிசை தெரிவதில்லை. இரண்டையும் ஒரே சீட்டில் வாங்கினால் என்ன? அதைத்தான் கோடு போட்ட சீட்டு செய்கிறது. வாங்கிய பிறகு எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன, நான் அதிகம் யோசித்ததும் அங்கேதான்.

ஒரு வழி, சம்மதத்தை முதலில் பார்ப்பது. பிராம்ஸும் ரெம்ஸி சன்வரும் 2009இல் விளக்கிய முறை இது. பாதிப் பேருக்கு மேல் சம்மதம் பெற்றவை எவை என்று முதலில் எண்ணுங்கள். ஒன்றுதான் பெற்றது என்றால் அதுவே வெற்றி. ஒன்றுமே பெறவில்லை என்றால் ஏற்பு அதிகமானது வெற்றி. இரண்டு, மூன்று பெற்றிருந்தால் அவற்றுக்குள் மட்டும் நேருக்கு நேர் பார்த்து, எல்லாவற்றையும் வெல்வதை எடுங்கள். அங்கே சுழல் வந்தால் சுழலில் இருப்பவற்றில் ஏற்பு அதிகமானது. எங்கள் சீட்டுகளில் 45இல் 23 வேண்டும். கூரை மட்டும்தான் தாண்டியது. கூரை வெற்றி.

இன்னொரு வழி, நேருக்கு நேரை முதலில் பார்ப்பது. எல்லோரையும் வெல்பவர் ஒருவர் இருந்தால் ஏற்பு எண்ணிக்கை என்னவானாலும் அவரே வெற்றியாளர். சுழல் வந்தால் மட்டும் ஏற்பைத் தொடுவது. இதன்படி வகுப்பு வெற்றி.

ஒரே 45 சீட்டு, ஒரு வழியில் கூரை, மற்ற வழியில் வகுப்பு. எது சரி?

எனக்கு ஒரு வாரம் தூக்கம் கெட்டது இதில்தான். கூரையை விட வகுப்பு வேண்டும் என்று எழுதிய 30 பேரைத் திரும்பப் பார்த்தேன். அதில் 17 பேர் விளக்குக்காரர். அவர்களுடைய சீட்டில் வகுப்பு இரண்டாவதாக இருக்கிறது, ஆனால் கோட்டுக்குக் கீழே. அந்தத் தம்பி சொன்னது போல, ஒரு சதமும் தரமாட்டார்கள். வகுப்பு நடத்த மேசை வேண்டும், மாலையில் யாராவது திறந்து பூட்ட வேண்டும், மாதம் மாதம் ஏதாவது காசு போட வேண்டும். 18 பேரின் சம்மதத்தோடு அது எத்தனை மாதம் ஓடும்? கூரைக்கு 26 பேர் சம்மதம். ஓடு ஏற்ற, கழற்றிய தகரத்தை அடுக்க 26 வீட்டிலிருந்து ஆள் வரும். எங்கள் ஊரில் ஏற்பு எண்ணிக்கை என்பது சிரமதானத்துக்கு வரும் கைகளின் எண்ணிக்கை.

அதனால் ஒரு வேலையைத் தெரிவு செய்யும்போது, அதாவது எல்லோருடைய கையும் காசும் தேவைப்படும் விஷயத்தில், சம்மதத்தை முதலில் பார்க்கும் முறைதான் எங்களுக்குச் சரி. டெபியன் என்ற இலவச இயங்குதளத்தை உருவாக்கும் தன்னார்வலர்களின் வாக்கெடுப்பிலும் இதற்கு நெருங்கிய ஏற்பாடு ஒன்று உண்டு. வரிசைப்படுத்தும் சீட்டில் 'இவற்றில் எதுவும் வேண்டாம்' என்ற வரியும் ஒரு தெரிவாக இருக்கும். அந்த வரியைத் தோற்கடிக்க முடியாத யோசனை நேருக்கு நேர் கணக்குக்கே வராது. அந்த வரிதான் நாங்கள் போட்ட கோடு. அவர்களும் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர்கள் என்பது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன்.

தலைவர் தெரிவு வேறு கதை. தலைவர் என்பவர் யாராவது ஒருவர் இருந்தே ஆக வேண்டும். எனக்குச் சம்மதமில்லாத இருவரில் ஒருவர் வரப்போகிறார் என்றால், அந்த இருவரில் யார் என்று சொல்லும் உரிமை எனக்கு இருக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே எழுதிய வரிசையும் அங்கே எண்ணப்பட வேண்டும். ஆகவே தலைவர் தெரிவில் நேருக்கு நேரை முதலில் வைக்கிறேன். அப்படியானால் சுழலுக்கும் ஒரு வழி வேண்டும்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். இளைப்பாறிய மாஸ்டர் ஒருவர், மீன்பிடி முதலாளியான ஒரு சம்மாட்டி, ஒரு முன்பள்ளி ஆசிரியை. மாஸ்டர், சம்மாட்டி, ஆசிரியை என்று 17 பேர் எழுதுகிறார்கள். சம்மாட்டி, ஆசிரியை, மாஸ்டர் என்று 15 பேர். ஆசிரியை, மாஸ்டர், சம்மாட்டி என்று 13 பேர். மாஸ்டர் சம்மாட்டியை 30–15 என்று வெல்கிறார். சம்மாட்டி ஆசிரியையை 32–13 என்று வெல்கிறார். ஆசிரியை மாஸ்டரை 28–17 என்று வெல்கிறார். சுழல். இப்போது கோடு: 17 பேரில் 8 பேர் சம்மாட்டியையும், 15 பேரில் 12 பேர் ஆசிரியையையும், 13 பேரில் 10 பேர் மாஸ்டரையும் கோட்டுக்கு மேலே வைத்திருக்கிறார்கள். ஏற்பு: மாஸ்டர் 27, ஆசிரியை 25, சம்மாட்டி 23.

மிக எளிய தீர்வு, சுழல் வந்தால் ஏற்பு அதிகமானவர், அதாவது மாஸ்டர். ஒரே வரியில் சொல்லிவிடலாம். இன்னொரு தீர்வு, ஏற்பு குறைந்தவரைக் கீழிருந்து ஒவ்வொருவராக எடுத்துவிட்டு, மிஞ்சியவர்களில் எல்லோரையும் வெல்பவர் வந்தவுடன் நிறுத்துவது. ஆங்கிலத்தில் இதை டெஃபினிட் மெஜாரிட்டி சாய்ஸ் என்கிறார்கள். இங்கே சம்மாட்டி முதலில் விலகுகிறார். மிஞ்சிய இருவரில் ஆசிரியை 28–17 என்று வெல்கிறார். ஆசிரியை தலைவர்.

எனக்குப் பின்னது பிடித்திருக்கிறது. கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். மாஸ்டரை அறிவித்தால் 28 பேர் கேட்பார்கள்: "நாங்கள் ஆசிரியையை மேலே எழுதினோமே?" "அவர் சம்மாட்டியிடம் தோற்றார்" என்றுதான் சொல்ல முடியும். "அந்தச் சம்மாட்டிக்குத்தானே எல்லோரிலும் குறைந்த சம்மதம்?" என்பார்கள். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. ஆசிரியையை அறிவித்தால் சம்மாட்டியை மேலே எழுதிய 32 பேர் கேட்பார்கள். "சம்மாட்டியை விட அதிகம் சம்மதம் பெற்ற மாஸ்டர் அவரை நேருக்கு நேரும் வென்றிருக்கிறார்" என்று சொல்லலாம். இரண்டு கணக்கிலும் ஒருவரிடம் தோற்றவர் விலகுவதில் குறை சொல்ல இடம் குறைவு.

இதில் ஓட்டை இல்லை என்று சொல்லமாட்டேன். மாஸ்டரின் 17 பேரில் 9 பேர் அவரை மட்டும்தான் கோட்டுக்கு மேலே வைத்தார்கள். அவர்களில் 3 பேர் பேசிவைத்துக்கொண்டு சம்மாட்டியையும் மேலே ஏற்றினால், சம்மாட்டியின் ஏற்பு 26 ஆகும். இப்போது 25 உடன் ஆசிரியை கடைசி, அவர் விலகுவார். மிஞ்சிய இருவரில் மாஸ்டர் 30–15 என்று வெல்வார். மூன்று கோடு ஒரு படி கீழே இறங்கினால் தலைவர் மாறுகிறார். மூன்று பேரோ அதற்கு மேலோ போட்டியிடும் எந்த முறையிலும் இப்படி ஏதாவதொரு வழி இருக்கத்தான் செய்யும். ஒருவரே எல்லாவற்றையும் தீர்மானிப்பதைத் தவிர வேறு தப்பில்லை என்று 1973இல் ஆலன் கிப்பார்ட் நிறுவியிருக்கிறார். ஆனால் இந்தத் தந்திரம் பலிக்க மற்றவர்களின் சீட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டும் பிசகாமல் தெரிந்திருக்க வேண்டும். அதனால் எழுதுவது மறைவாக, எண்ணுவது எல்லோர் முன்னிலையிலும் என்று கண்டிப்பாக இருக்க வேண்டும். வாசிகசாலையின் உள்ளறையில் ஒரு மேசையும் பேனையும் போதும்.

எண்ணுவது கஷ்டம் என்று பயப்படத் தேவையில்லை. மூன்று பேர் போட்டியிட்டால் மூன்று சோடி, நான்கு பேருக்கு ஆறு, ஐந்து பேருக்குப் பத்து. கரும்பலகையில் சோடிகளை எழுதி, ஒருவர் சீட்டை வாசிக்க, இருவர் தனித்தனியே கோடு கீறினால் 45 சீட்டு ஒரு மணித்தியாலத்தில் முடியும். எழுதாமல் விட்ட பெயர்கள் எல்லாம் கடைசியில், சமமாக, கோட்டுக்குக் கீழே என்று கொள்ளலாம். கோடே போடாவிட்டால் முதல் பெயர் மட்டும் சம்மதம். இதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், எண்ணும்போது முடிவெடுக்கக் கூடாது. சுற்றுலாவுக்கு எந்தச் சனிக்கிழமை, வருட விழாவுக்கு எந்த மண்டபம் போன்றவற்றுக்கு இவ்வளவு தேவையில்லை, வெறும் ஏற்பு வாக்கே போதும்.

அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப்போகும் தீர்மானம் இதுதான். வேலைத்திட்டங்களுக்குப் பாதிக்கு மேல் சம்மதம் முதலில், பிறகு நேருக்கு நேர். தலைவர் தெரிவுக்கு நேருக்கு நேர் முதலில், சுழல் வந்தால் ஏற்பு குறைந்தவரைக் கீழிருந்து எடுப்பது. இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சீட்டு.

நேற்று மாதிரிச் சீட்டொன்றை அந்த அக்காவிடம் காட்டினேன். வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். மூன்று பெயரையும் எழுதி, இரண்டாவதுக்குக் கீழே பேனை அழுந்த ஒரு கோடு போட்டார். பிறகு தாளைத் திருப்பித் தந்து, "இந்தக் கோட்டைப் போன முறை எங்க வச்சிருந்தனீங்கள்?" என்றார்.